வாசகர் கேள்வி – பதில்: நாட்டுப் பூனைக்குக் காப்பீடு எடுக்கலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் சாக்குகளுக்கு நடுவே கத்திக்கொண்டிருந்த ஒரு பூனைக்குட்டியை என் கணவர் வீட்டுக்கு எடுத்து வந்தார். வெள்ளை, கறுப்பு, செம்பழுப்பு மூன்றும் கலந்த நாட்டுக் குட்டி. வயது இரண்டு மாதம் இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். என் மகள் அதற்கு முத்துப்பாண்டி என்று பெயர் வைத்துவிட்டாள். பூனைக்கும் இன்சூரன்ஸ் உண்டு என்று கைப்பேசியில் பார்த்தோம். விலை விதவிதமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் ஒரே சம்பளம். குறைந்த பிரீமியத்தில் நல்லதை எப்படித் தேர்ந்தெடுப்பது? மார்க்கெட்டில் கிடைத்த குட்டிக்குப் பாலிசி தருவார்களா?
— ஒரு வாசகி, வில்லாபுரம், மதுரை

பதில்: முதலில் முத்துப்பாண்டி ஆணா பெண்ணா என்பதைக் கால்நடை மருத்துவரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். மூன்று நிறப் பூனைகள், மிக அரிதான விதிவிலக்குகள் நீங்கலாக, பெண்ணாகவே இருக்கும். கறுப்பா செம்பழுப்பா என்பதைத் தீர்மானிக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், இரண்டு நிறமும் ஒரே உடலில் தெரிவதற்கு இரண்டு எக்ஸ் வேண்டும். பெயரை மாற்றும்படி உங்கள் மகளிடம் நான் சொல்ல மாட்டேன். ஆனால் விண்ணப்பத்தில் ‘ஆண்’ என்று குறித்திருந்து, பிற்பாடு மருத்துவரின் சான்றிதழில் ‘பெண்’ என்று வந்தால், வேறு ஏதோ பூனைக்குப் பணம் கேட்கிறீர்கள் என்று கடிதம் எழுத நிறுவனத்துக்கு அதுவே போதும். அப்படிப்பட்ட கடிதங்கள் எழுதப்படும் மேசையில் நானும் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன்.

நாட்டுப் பூனை என்பதால் தயங்க வேண்டியதில்லை. நாட்டு இனத்தையும் கலப்பினத்தையும் ஏற்கும் பாலிசிகள் நம் நாட்டில் இருக்கின்றன. உங்கள் வீட்டில் வளர்கிறது, நீங்கள் பொறுப்பேற்றிருக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். சேர்க்கும் வயதுதான் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இரண்டு மாதக் குட்டியை ஒரு நிறுவனம் ஏற்கலாம், இன்னொன்று சில மாதம் போகட்டும் என்று சொல்லலாம் என்பதால், விலையைக் கேட்பதற்கு முன்பே வயதைச் சொல்லிக் கேளுங்கள்.

மலிவு என்று நீங்கள் கேட்டதற்கான பதில், நாட்டுப் பூனை என்பதிலேயே பாதி இருக்கிறது. செல்லப்பிராணிப் பாலிசி பொதுவாகப் பல பிரிவுகளைச் சேர்த்துக் கட்டிய மூட்டை. விலங்கு இறந்தால் கிடைக்கும் தொகை, தொலைந்தாலோ திருடு போனாலோ கிடைக்கும் தொகை, அது பிறருக்குச் செய்யும் சேதத்துக்கான பொறுப்பு, வெளிநோயாளிச் செலவு, அறுவைச் சிகிச்சையும் மருத்துவமனையில் வைத்துப் பார்க்கும் செலவும் என்று அது விரியும். இவற்றில் இறப்புக்கும் திருட்டுக்குமான தொகை, விலங்கின் சந்தை மதிப்பை வைத்துக் கணக்கிடப்படுவது. பெர்சியன் குட்டியைப் பெரும் பணம் கொடுத்து வாங்கியவருக்கு அது பொருந்தும். சாக்குக்கு நடுவே கிடைத்த குட்டிக்குச் சந்தை மதிப்பு என்ன? உங்கள் மகளிடம் கேட்டால் அவள் ஒரு தொகை சொல்வாள். நிறுவனம் அதை ஏற்காது. ஆகவே அந்தப் பிரிவுகளை விலக்கி எடுக்க முடியுமானால் விலக்கிவிடுங்கள். பிறருக்கான சேதப் பொறுப்பு நாய் வளர்ப்பவருக்குத்தான் உண்மையில் அவசியம். வெளிநோயாளிப் பிரிவும் வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு ஊசிக்கும் மருந்துச் சீட்டுக்கும் ஆகும் செலவை நம்மால் எப்படியும் கொடுத்துவிட முடியும். ஒரே நாளில் கொடுக்க முடியாத செலவு எதுவோ, அதற்கு மட்டுமே காப்பீடு தேவை; பூனையைப் பொறுத்தவரை அது அறுவைச் சிகிச்சைதான்.

அடுத்து, பிரீமியத்தை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது என்பதற்கு ஒரு கணக்கு. எண்கள் எடுத்துக்காட்டுக்காக நான் போட்டவை. முதல் பாலிசியின் பிரீமியம் 1,500 ரூபாய், காப்பீட்டுத் தொகை 50,000 ரூபாய். ஆனால் ஒரு நோய்க்கு அதிகபட்சம் அதில் கால் பங்குதான் என்றும், அனுமதிக்கப்படும் தொகையில் 20 விழுக்காடு உங்கள் பங்கு என்றும் உள்ளே எழுதியிருக்கிறது. இரண்டாவது பாலிசியின் பிரீமியம் 2,400 ரூபாய், காப்பீட்டுத் தொகை 30,000 ரூபாய்தான். நோய்வாரியான உச்சவரம்பு கிடையாது, உங்கள் பங்கு 10 விழுக்காடு. பில் 18,000 ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் பாலிசி 12,500 ரூபாயை அனுமதித்து, அதில் 2,500 ரூபாயைக் கழித்துக்கொண்டு 10,000 ரூபாய் தரும். பிரீமியத்தோடு சேர்த்து உங்கள் கையிலிருந்து 9,500 ரூபாய் போயிருக்கும். இரண்டாவது பாலிசி 16,200 ரூபாய் தரும். உங்களுக்குப் பிரீமியம் உட்பட 4,200 ரூபாய்தான் செலவு. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் தெரிவது 50,000. கால் பங்கு என்பது பாலிசிப் பத்திரத்தின் நடுப்பக்கத்தில் இருக்கும். எனவே ஏஜெண்டிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்: ஒரு நோய்க்கு உச்சவரம்பு உண்டா, என் பங்கு எவ்வளவு, நீங்கள் சொல்லும் பிரீமியத்தில் வரி சேர்ந்திருக்கிறதா. பதிலை மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் தடுப்பூசி. பூனைக்குட்டிகளைக் கொல்வதில் முதல் வரிசையில் நிற்பது பேன்லூக்கோபீனியா என்ற வைரஸ் நோய். வாந்தியும் கழிச்சலுமாக இரண்டு மூன்று நாளில் குட்டி போய்விடக்கூடும், வைரஸோ தரையிலும் துணியிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். இதையும் சளி நோய்கள் இரண்டையும் சேர்த்துத் தடுக்கும் முத்தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், குட்டிக்குப் பதினாறு வாரம் ஆகும் வரை போடுவது முறை. வெறிநோய்த் தடுப்பூசி பன்னிரண்டு வாரத்தை ஒட்டி. தடுப்பூசியால் தடுத்திருக்கக்கூடிய நோய் ஊசி போடாததால் வந்தால் பாலிசிகள் பணம் தருவதில்லை. அதனால் ஊசி மருந்தின் ஸ்டிக்கர் ஒட்டி, தேதியும் கையெழுத்தும் போட்ட அட்டைதான் உங்கள் முதல் ஆவணம். தடுப்பூசிச் செலவும் கருத்தடை அறுவைச் சிகிச்சைச் செலவும் பொதுவாகக் காப்பீட்டில் அடங்காது. முத்துப்பாண்டி பெண்ணாக இருந்தால் நாலைந்து மாதத்திலேயே சினைக்கு வரக்கூடும், பேறுகாலச் செலவையும் பெரும்பாலான பாலிசிகள் விலக்கிவிடும். கருத்தடைக்கு இப்போதே பணம் எடுத்து வையுங்கள்.

பாலிசி தொடங்கிய நாளிலிருந்து நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு; விபத்துக்கு அது குறைவாகவோ இல்லாமலோ இருக்கலாம். அந்தக் காலத்துக்குள் தென்பட்ட நோய் ‘முன்பே இருந்த நோய்’ என்ற கணக்கில் போய்ச் சேரும். குட்டி நன்றாக இருக்கும்போதே எடுப்பதன் பயன் இதுதான்.

பூ மார்க்கெட்டில் கிடைத்த குட்டி என்று நீங்கள் எழுதியதும் என் தங்கை வீட்டுப் பூனை நினைவுக்கு வந்தது. சிம்மக்கல்லில் அவர்கள் வீட்டுத் திண்ணையில் மாலை நேரத்தில் மல்லிகை கட்டுவார்கள். பூவால் பூனைக்குக் கெடுதல் இல்லை, கெடுதல் நூலில் இருக்கிறது. அறுந்து விழுந்த நூலை அந்தப் பூனை விளையாட்டாக விழுங்கிவிட்டது. இரண்டு நாள் வாந்தி. மருத்துவர் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார். நூலின் ஒரு நுனி நாக்கின் அடியில் சுற்றிக்கொண்டிருந்தது, மறு நுனி வயிற்றுக்குள். ஒரு பக்கம் மாட்டிக்கொண்ட நூலைக் குடல் தள்ளத் தள்ள, பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருங்குவது போலக் குடல் கொசுவிக்கொள்கிறது. விட்டால் நூல் குடலை அறுத்துவிடும். வாயிலோ பின்புறத்திலோ நூல் தெரிந்தால் கையால் இழுக்காதீர்கள், அப்படியே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அந்தப் பூனைக்குப் பாலிசி இருந்தது. நான் பெயர் சொல்ல விரும்பாத அந்த நிறுவனம் நான்கு மாதம் இழுத்தடித்தது. காரணம், விண்ணப்பத்தில் இணைத்த படத்தில் முகம் மட்டுமே இருந்தது, உடம்பின் புள்ளிகளை ஒப்பிட வழியில்லையாம். தவறு எங்கள் பக்கமும்தான். நீங்கள் இடது பக்கம், வலது பக்கம், முகம், வால் என்று தனித்தனியாகத் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். மூன்று நிறப் பூனையில் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது என்பது இதில் உங்களுக்குச் சாதகம்.

காப்பீடே எடுக்காமல் மாதந்தோறும் பணம் சேர்த்தால் என்ன என்ற கேள்வியும் நியாயமானதே. மதுரையில் அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது. திருநெல்வேலி இராமையன்பட்டியிலும் தேனியிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பூனையை அங்கே கொண்டுபோக உங்களால் முடியுமானால் செலவு கணிசமாகக் குறையும், காப்பீட்டின் தேவையும் அந்த அளவுக்குக் குறையும். சேமிப்பதானால் அஞ்சலகத் தொடர்வைப்பில் போடாதீர்கள். மாதம் 100 ரூபாயில் தொடங்கலாம் என்றாலும் அது ஐந்தாண்டுக் கணக்கு, குட்டி நள்ளிரவில் வாந்தியெடுத்தால் அந்தப் பணம் கைக்கு வராது. சாதாரணச் சேமிப்புக் கணக்கே போதும். உங்கள் நிலையில் நான் இருந்தால், முதல் இரண்டு ஆண்டுகளுக்கு அறுவைச் சிகிச்சைக்கான பாலிசியை மட்டும் எடுப்பேன். விழுவதும் விழுங்குவதும் அந்த வயதில்தான் அதிகம். அதற்குள் சேமிப்பும் கொஞ்சம் வளர்ந்திருக்கும்.

கேள்வி: எங்கள் பசுவுக்கு இன்சூரன்ஸ் செய்தபோது காதில் வில்லை மாட்டினார்கள். பூனைக்கும் அப்படி உண்டா?
— ஒரு வாசகர், மேலூர்

பதில்: வில்லை இல்லையேல் இழப்பீடு இல்லை என்பது மாடு வளர்ப்பவர்கள் அறிந்த சட்டம். பூனையின் காதில் வில்லை நிற்காது. அதற்குப் பதிலாக அரிசிமணி அளவுள்ள மைக்ரோசிப்பைத் தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கு அடியில் ஊசியால் செலுத்துவார்கள். அதிலுள்ள 15 இலக்க எண்ணை அதற்கான கருவியால் படிக்கலாம். பூனை எங்கே சுற்றுகிறது என்பதை அது காட்டாது. எல்லா நிறுவனங்களும் இதைக் கட்டாயமாகக் கேட்பதில்லை, ஆனால் என் தங்கைக்கு நேர்ந்த தகராறு சிப் இருந்திருந்தால் வந்திருக்காது.

கேள்வி: ‘முன்பே இருந்த நோய்’ என்று சொல்லி எங்கள் பூனையின் க்ளைமை நிராகரித்துவிட்டார்கள். பாலிசி எடுத்து ஏழு மாதம் கழித்து வந்த நோய் அது. இனி என்ன செய்வது?
— ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் புகார் செய்யுங்கள், பாலிசிக்கு முன்பு பூனை நலமாக இருந்ததைக் காட்டும் மருத்துவர் குறிப்பை இணையுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலும் பதிவு செய்யலாம். பதில் மறுப்பாக வந்தாலும், ஒரு மாதமாகியும் பதிலே வராவிட்டாலும், சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை, மறுப்புக் கடிதம் வந்து ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது, ஆனால் அங்கே வழக்கு நிலுவையில் இருக்கும்போது குறைதீர்ப்பாளர் உங்கள் மனுவை எடுக்கமாட்டார். எனவே முதலில் குறைதீர்ப்பாளர்.

கேள்வி: பூனைக்கு உடம்பு சுட்டதால் வீட்டில் இருந்த பாராசிட்டமாலில் பாதி கொடுக்கலாம் என்று மாமியார் சொல்கிறார். பாலிசி இருப்பதால் பயமில்லை அல்லவா?
— ஒரு வாசகி, சோழவந்தான்

பதில்: கொடுக்காதீர்கள். அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஒரு மாத்திரையே உயிரைக் குடிக்கும். ஈறு பழுப்பேறி, முகம் வீங்கி, மூச்சு வாங்கும். இதைப் படிப்பதற்குள் கொடுத்திருந்தால், மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போங்கள். மருத்துவர் சொல்லாமல் நாமே கொடுத்த மருந்தால் வரும் கேட்டைக் கவனக்குறைவு என்று சொல்லி நிறுவனம் மறுக்க இடமிருக்கிறது என்பதையும் மாமியாரிடம் சொல்லுங்கள்.