வாசகர் கேள்வி – பதில்: சமக்குறிக்கு இருபுறமும்

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் எதிலும் குறை இல்லை. சமன்பாடு என்று வந்துவிட்டால் தடுமாறுகிறாள். 3க + 4 = 19 என்ற கணக்கில், ‘அந்தப் பக்கம் போனால் குறி மாறும்’ என்று நான் சொல்லிக்கொடுத்தபடி 3க = 15 வரை சரியாக வந்தவள், அடுத்த வரியில் க = 15 − 3 = 12 என்று எழுதினாள். பலமுறை திருத்தியும் அதே தவறு திரும்ப வருகிறது. என்ன செய்வது?

பதில்: உங்கள் மகள் நீங்கள் சொன்ன விதியை மீறவில்லை, அப்படியே கடைப்பிடித்திருக்கிறாள். கூட்டலாக நின்ற 4 மறுபக்கம் போய்க் கழித்தலாக மாறியதைப் போலவே, குறி எதுவும் இன்றி நின்ற 3-உம் மறுபக்கம் போனால் கழித்தலாகத்தான் மாற வேண்டும் என்று அவள் எண்ணியதில் நேர்மையான தர்க்கம் ஒன்று இருக்கிறது. உண்மையில் எந்த எண்ணும் எங்கும் போவதில்லை. இருபுறத்திலிருந்தும் 4-ஐக் கழிக்கிறோம். அதனால் இடப்புறத்தில் 4 இல்லாமல் போகிறது, வலப்புறத்தில் 19 என்பது 15 ஆகிறது. இந்தக் காரணத்தை மறைத்துவிடுவதால், அந்தக் குறுக்குவழியைச் சில வாரங்களுக்கு முழுவதுமாக ஒதுக்கி வையுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள்.

அதற்கும் முன்பாக ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். 8 + 4 = ☐ + 5 என்று எழுதி, கட்டத்தில் என்ன வரும் என்று கேளுங்கள். 7 என்பதே விடை. ஆனால் பிள்ளைகள் பலர் 12 என்பார்கள். சிலர் எல்லாவற்றையும் கூட்டி 17 என்பார்கள். முதல் வகுப்பிலிருந்தே சமக்குறிக்குப் பின்னால் ஒற்றை எண்ணையே பார்த்துப் பழகியதால், அந்தக் குறிக்கு ‘இனி விடையை எழுது’ என்பதே பொருள் என்று அவர்கள் மனத்தில் பதிந்துவிடுகிறது. 5 + 3 = 8 × 2 = 16 என்று ஒரே வரியில் தொடர்ந்து எழுதும் பழக்கமும் இதே வேரிலிருந்து வருவதுதான். 1557-ஆம் ஆண்டில் சமக்குறியை முதன்முதலாக அச்சில் பயன்படுத்திய கணித அறிஞர் இராபர்ட் ரெக்கார்டு, ஒரே நீளமுள்ள இரு இணைகோடுகளைவிடச் சமமான இரு பொருள்கள் வேறு இல்லை என்பதால் அந்த வடிவத்தைத் தேர்ந்ததாகக் காரணம் கூறினார். இரண்டு பக்கங்களின் மதிப்பும் ஒன்றே என்று அறிவிக்கும் குறி அது. 7 = 7, 9 = 4 + 5, 6 + 2 = 5 + 3, 6 + 2 = 8 + 1 போன்ற வரிகளை எழுதி, எது உண்மை, எது பொய், ஏன் என்று ஒரு வாரம் பேசவிடுங்கள். நேரம் வீணாகிறதே என்று தோன்றும். பின்னால் வரும் குழப்பத்தில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும் என்பதால், இதைத் தயவுசெய்து தாண்டிச் செல்லாதீர்கள்.

பிறகு 3க + 4 = 19 என்று எழுதி, 3க என்பதை விரலால் மறைத்துக்கொண்டு, ‘எதனுடன் 4-ஐக் கூட்டினால் 19 வரும்?’ என்று கேளுங்கள். 15 என்பாள். விரலை எடுத்துவிட்டு, ‘எந்த எண்ணின் 3 மடங்கு 15?’ என்று கேட்டால் 5 என்பாள். 12 என்று சொல்ல அவளுக்குத் தோன்றவே தோன்றாது. 10 − க = 4 போன்ற, விதிகளை மட்டும் நம்பும் பிள்ளைகள் வழுக்கி விழும் கணக்குகளும் இந்த முறையில் எளிதாக நிற்கும். அறியாத எண் இருபுறமும் வரும்போதுதான் மறைத்துப் பார்க்கும் முறை போதாமல் போகிறது. 5க + 2 = 3க + 10 என்பதற்கு ஒரு தராசைப் படமாக வரைந்து, இரு தட்டிலிருந்தும் 3க-வை எடுக்கச் சொல்லுங்கள்: 2க + 2 = 10. இரு தட்டிலிருந்தும் 2-ஐ எடுத்தால் 2க = 8; இருபுறத்தையும் 2-ஆல் வகுத்தால் க = 4. ஒவ்வொரு வரியின் ஓரத்திலும், ‘இருபுறமும் 2-ஐக் கழிக்க’ என்பது போல, செய்த செயலைச் சொற்களில் எழுதுவது அவசியம். குறை எண்கள் வரும்போது தராசுப் படத்தை விட்டுவிடுங்கள், ஏனெனில் −5 என்ற எடையைத் தட்டில் வைக்க முடியாது. ‘இருபுறமும் ஒரே செயல்’ என்ற விதி மட்டும் அப்போதும் மாறாமல் நிற்கும்.

ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த கணித அறிஞர் அல்-குவாரிஸ்மி, கழிக்கப்பட்டிருக்கும் உறுப்பை இருபுறமும் கூட்டி நிறைவாக்கும் செயலுக்கு ‘அல்-ஜபர்’ என்று பெயரிட்டார்; ‘அல்ஜீப்ரா’ (இயற்கணிதம்) என்ற சொல்லே அதிலிருந்து பிறந்தது. உங்கள் மகளும் இதைப் பலமுறை செய்தபின், எண்கள் குறி மாறிப் பக்கம் தாவுவதுபோல் தோன்றுவதைத் தானாகவே கவனிப்பாள். குறுக்குவழியை அன்றைக்கு அவள் பயன்படுத்தட்டும்.

கேள்வி: எழுத்துகளைக் கண்டு பயப்படும் சிறுவனுக்கு, ‘ப என்றால் பந்து, பே என்றால் பேனா’ என்று சொல்லித் தொடங்கலாமா?

பதில்: வேண்டாம். எழுத்து எண்ணுக்காக நிற்கிறது, பொருளுக்காக அல்ல. ஓர் ஆசிரியருக்கு 6 மாணவர் வீதம் இருக்கும் பள்ளியில், ஆசிரியர் எண்ணிக்கை ‘ஆ’, மாணவர் எண்ணிக்கை ‘ம’ எனில் சமன்பாடு என்ன என்று கேளுங்கள். பெரியவர்களே பலர் 6ம = ஆ என்று எழுதிவிடுவார்கள்; ‘ம’ அவர்கள் கண்ணுக்கு ‘மாணவர்’ என்றே தெரிவதுதான் காரணம். ஆசிரியர் 10 பேர் என்றால் மாணவர் 60 பேர் என்று எண்களை இட்டுப் பார்த்தால், ம = 6ஆ என்பது விளங்கும். ஏழாம் நூற்றாண்டில் இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் அறியாத எண்களுக்கு நிறங்களின் பெயர்களை இட்டு வழங்கினார். எண்ணைக் குறிக்க எந்தப் பெயரும் பொருந்தும் என்பதை இதைச் சொல்லியே புரியவைக்கலாம். மற்றொன்று: க = 3 எனில் 5க என்பதை 53 என்று படிக்கும் பிள்ளைகள் உண்டு. இடையில் பெருக்கல் குறி மறைந்திருக்கிறது என்பதை யாரும் அவர்களுக்கு வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கேள்வி: தினமும் எத்தனை கணக்குகள் கொடுக்கலாம்?

பதில்: ஐந்து போதும், ஒவ்வொன்றையும் சரிபார்ப்பதாக இருந்தால். கண்டறிந்த எண்ணை முதல் வரியில் இட்டு, இருபுறமும் ஒத்துவருகிறதா என்று பார்க்கத் தெரிந்த பிள்ளை, விடை சரியா என்று உங்கள் முகத்தைப் பார்க்காது. ஐந்தில் ஒன்றைப் பிள்ளையே உருவாக்கட்டும்: மனத்தில் 7 என்று வைத்துக்கொண்டு, 2-ஆல் பெருக்கி, 3-ஐக் கழித்து, 2க − 3 = 11 என்று எழுதி, நீங்கள் தீர்ப்பதற்காக உங்களிடம் நீட்டட்டும்.