மங்கோலியத் தூதன் ஒற்றைக் குதிரையில் போனானா?

சரித்திரத் தொடர் எழுதிக்கொண்டிருக்கும் ஒரு வாசகர் கேட்கிறார்: "கதை 1252-இல் நடக்கிறது. மோங்கே கானின் தூதன் ஒருவன் கரகோரத்திலிருந்து பாரசீகத்துக்கு ஓலையோடு கிளம்புகிறான். தனியாள், ஒரே குதிரை, இருபது நாளில் போய்ச் சேர்கிறான். அங்குள்ள ஆளுநர் ஓலையைப் படித்துவிட்டு ஆத்திரத்தில் அவன் தலையை வெட்டிவிடுகிறார். இது நடக்கக்கூடியதா? இவன் நிஜமான தூதன்தான் என்று வழியில் இருப்பவர்கள் எதை வைத்து நம்புவார்கள்?"

நடக்காது. ஆனால் திருத்தினால் இதைவிட நல்ல கதை கிடைக்கும்.

முதல் வேலையாக ஓலையை எடுத்துவிட்டுக் காகிதம் என்று போடுங்கள், அந்தப் புல்வெளியில் பனைமரம் ஏது. அப்புறம் அந்த ஒற்றைக் குதிரை. மங்கோலியத் தூதன் சொந்தக் குதிரையில் நெடுந்தூரம் போகவே மாட்டான். செங்கிஸ் கானின் மகன் ஒகோடி கான் 1234-ஐ ஒட்டி 'யாம்' என்ற அஞ்சல் நிலைய ஏற்பாட்டை முறைப்படுத்தியிருந்தார். வட சீனத்திலிருந்து கரகோரம் வரை மட்டும் 37 நிலையங்கள், ஐந்து பர்சங்குக்கு ஒன்று, அதாவது ஏறக்குறைய முப்பது கிலோமீட்டருக்கு ஒன்று. தலைநகருக்குத் தினமும் 500 வண்டி உணவுப்பொருள் வந்தது என்று பாரசீக வரலாற்றாசிரியர் ரஷீத் அல்தீன் எழுதுகிறார். ஒகோடியின் அண்ணன் சகதாயும், இன்னொரு அண்ணனின் மகன் படுவும் தங்கள் பகுதிகளில் நிலையங்கள் போட்டு இதோடு இணைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு நிலையத்திலும் மாற்றுக் குதிரைகள், இறைச்சிக்கு ஆடுகள், பாலுக்குப் பெண்குதிரைகள், வண்டி, வண்டிமாடு எல்லாம் தயாராக இருக்கவேண்டும், இத்தனை என்று கணக்கு உண்டு, குறைந்தால் தண்டனை.

இருபது நாளுக்கு வருவோம். போப்பின் தூதராகப் போன கார்ப்பினி பாதிரியார் 1246 ஏப்ரல் 8-ஆம் தேதி வோல்கா கரையிலிருந்த படுவின் முகாமை விட்டுக் கிளம்பி, ஜூலை 22-ஆம் தேதி கரகோரத்துக்குப் பக்கத்தில், அடுத்த கானாக முடிசூடவிருந்த கூயுக்கின் கூடாரத்தை அடைந்தார். ஒரு நாளைக்கு ஐந்து முதல் ஏழு தடவை குதிரை மாற்றி, விடிந்ததிலிருந்து இருட்டும்வரை ஓட்டியும் மூன்றரை மாதம் ஆகியிருக்கிறது. அறுபதைத் தாண்டிய கனத்த உடம்பு அவருக்கு. குலுக்கலைத் தாங்குவதற்காக உடம்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு போனார். நோன்பு நாட்களில் சாப்பாடு உப்புத் தண்ணீரில் போட்ட தினை, குடிக்கக் கெண்டியில் உருக்கிய பனி, அவ்வளவுதான். உங்கள் ஆள் இளைஞன், நாட்டுக்குப் பழகியவன் என்றால் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இருபது நாள் வேண்டாம்.

இதைவிட வேகமாகப் போக முடியாதா என்றால், முடியும், ஆனால் போவது ஆள் அல்ல, கடிதம். கை மாற்றிக் கை மாற்றி ஓடும் அஞ்சல் ஒரு பகல் ஓர் இரவில் 60 பர்சங் தாண்டும் என்று பாரசீகத்தை ஆண்ட காசான் கானின் அமைச்சர் ரஷீத் அல்தீன் பின்னாளில் கணக்குச் சொல்கிறார். சீனத்தில் இடுப்பில் சலங்கை கட்டிய ஓட்டக்காரர்கள் இருந்தார்கள். சத்தம் காதில் விழுந்ததுமே அடுத்த ஆள் தயாராக நிற்பான். இங்கேதான் நம் எழுத்தாளர்கள் பெரும்பாலும் சறுக்குகிறார்கள். அஞ்சல்காரன் வேறு, தூதன் வேறு. பாரசீகத்தில் எல்ச்சி என்று அழைக்கப்பட்ட தூதன் கடிதத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் ஆள் அல்ல. கேள்வி கேட்பான், வரிக்கணக்கைப் பார்ப்பான், இளவரசர்களைக் குருல்தாய் என்ற பெருங்கூட்டத்துக்கு அழைப்பான், ஆளுநர் மேல் புகார் இருந்தால் விசாரித்து அவரையே கையோடு கூட்டிக்கொண்டு போவான். கான் ஆயிரம் காத தூரத்தில் இருக்கிறார், அவர் வாயும் கண்ணும் மட்டும் குதிரையேறி வருகின்றன. ஆரம்ப காலத்தில் எழுத்தே கிடையாது, செய்தியை மோனை போட்ட பாட்டாக மனப்பாடம் செய்துகொண்டு போய் ஒப்பிப்பார்கள். செங்கிஸ் கான் தன் பழைய கூட்டாளி ஓங் கானுக்கு இரண்டு பேர் வழியாகச் சொல்லி அனுப்பிய நீளமான குற்றச்சாட்டு அப்படிப்பட்டதுதான். உங்கள் தூதனுக்குக் காகிதத்தோடு ஒரு பாட்டையும் கொடுத்துப் பாருங்கள்.

சரி, நிஜத் தூதன் என்று எப்படி நம்புவது? அதற்குப் 'பைசா' என்று ஒரு பட்டயம் உண்டு (நம்முடைய பைசாவோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்). தூதனின் தகுதிக்கேற்ப மரம், வெள்ளி, பொன் என்று மாறும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருப்பது வட்டமான இரும்புத் தகடு, எழுத்துகள் வெள்ளியில் பதித்தவை. வாசகம் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒன்றுதான்: நித்திய வானத்தின் வலிமையால் இது கானின் ஆணை, மதிக்காதவன் குற்றவாளி. அந்தத் தகடு பக்பா எழுத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு உங்கள் கதையில் பக்பா எழுத்தைப் போட்டுவிடாதீர்கள், அந்த எழுத்து வந்ததே 1269-இல். 1252 என்றால் உய்குர் எழுத்து. பட்டயத்தோடு 'யர்லிக்' என்ற முத்திரையிட்ட ஆணைக் காகிதமும் இருக்கும். நிலையக்காரனுக்கு அதைப் படிக்கத் தெரியவேண்டும் என்றில்லை, முத்திரையின் நிறமே அவனுக்குப் போதும்.

ஆனால் பட்டயம் யாரிடமெல்லாம் இருந்தது என்று பார்த்தால்தான் கதை சூடு பிடிக்கும். கூயுக் 1248-இல் இறந்ததும் இளவரசர், இளவரசி என்று ஆளாளுக்குப் பட்டயம் கொடுத்துத் தள்ளினார்கள். வணிகர்கள்கூட அதைக் காட்டி ஊர்க்குதிரையில் இலவசமாகப் போனார்கள். 1251-இல் அரியணை ஏறிய மோங்கே செய்த முதல் வேலைகளில் ஒன்று, பழைய பட்டயங்களையும் ஆணைகளையும் திருப்பி வாங்கியது. வணிகர்களுக்கு அஞ்சல் குதிரை கிடையாது. எந்தத் தூதனும் 14 குதிரைக்கு மேல் கேட்கக் கூடாது. வேலையில்லாத ஊருக்குள் நுழையக் கூடாது. அளந்த படிக்கு மேல் உணவு வாங்கக் கூடாது. நீங்கள் தெரிந்து எடுத்தீர்களோ தெரியாமல் எடுத்தீர்களோ, 1252 அருமையான வருஷம். விதி புதிதாக வந்திருக்கிறது, பழைய பழக்கம் போகவில்லை. அந்த 14 என்ற எண்ணை வைத்தே தூதன் தனியாக வரமாட்டான் என்பதையும் புரிந்துகொள்ளலாம். உதவியாள், மொழிபெயர்ப்பாளன், வழிகாட்டி என்று ஒரு கும்பலே வரும்.

செலவு யாருடையது? ஊராருடையது. எல்ச்சிகள் குடியிருப்புகளுக்கு நடுவே ஓடி மக்களைத் தொல்லைப்படுத்துகிறார்கள் என்றுதான் ஒகோடி இந்த ஏற்பாட்டையே கொண்டுவந்தார். அறுபது வருஷம் கழித்துப் பாரசீகத்தில் ரஷீத் அல்தீன் எழுதுவதைப் படித்தால் அதே புலம்பல், இன்னும் பெரிதாக. அற்ப விஷயத்துக்கெல்லாம் எல்ச்சி, ஒவ்வொருவன் பின்னாலும் பெரிய பரிவாரம், எதிர்ப்பட்ட பயணியின் குதிரையைப் பிடுங்கிக்கொள்வது, ஒரு எல்ச்சியிடமிருந்தே இன்னொரு எல்ச்சி பிடுங்குவது. கொள்ளைக்காரர்கள் இதைப் பார்த்துவிட்டு, நாங்களும் எல்ச்சிதான் என்று சொல்லிக்கொண்டு வணிகக் கூட்டங்களை மறித்தார்கள். நல்ல வீடாக இருந்தால் எல்ச்சி வந்து இறங்கிவிடுவான் என்று பயந்து, ஜனங்கள் வீட்டைச் செப்பனிடாமல் பாழாகவே விட்டுவைத்தார்களாம். காசான் வந்து மூன்று பர்சங்குக்கு ஒரு நிலையம், 15 நல்ல குதிரை என்று திருத்தினார் என்கிறார். ரஷீத் காசானின் அமைச்சர், எஜமானர் புகழ் பாடப் பழைய நிலைமையைக் கொஞ்சம் கூட்டியே சொல்லியிருப்பார். இருந்தாலும் பாதியாவது உண்மையாக இல்லாமல் இப்படி எழுதமுடியாது.

இனி அந்தத் தலை வெட்டும் காட்சி. தூதனைக் கொல்லக் கூடாது என்பது இலங்கையில் விபீஷணன் சொன்ன அதே நியாயம்தான், மங்கோலியர் அதை வெறியோடு பிடித்துக்கொண்டிருந்தார்கள். 1218-இல் மத்திய ஆசியாவின் குவாரசமிய நாட்டில் இருந்த ஒத்ராரில், செங்கிஸ் அனுப்பிய சுமார் 450 வணிகர்களை அந்த ஊர் ஆளுநர் இனல்சுக் ஒற்றர்கள் என்று சொல்லிக் கொன்றார். செங்கிஸ் உடனே படையெடுக்கவில்லை, மூன்று தூதர்களை அனுப்பி நியாயம் கேட்டார். குவாரசமிய சுல்தான் ஒருவரைக் கொன்று, மற்ற இருவரின் தாடியை மழித்து அனுப்பினார். அனுமன் வாலில் தீ வைத்த கதைதான், ஊர் எரிந்ததும் அப்படியே. அடுத்த வருஷம் படை வந்தது. 1223-இல் ரஷ்ய இளவரசர்கள் தூதர்களைக் கொன்றுவிட்டுக் கால்கா ஆற்றங்கரையில் தோற்றார்கள். எப்போதும் மங்கோலியர் பழிதீர்த்தார்கள் என்றும் சொல்லமுடியாது: 1260-இல் கெய்ரோவில் எகிப்து சுல்தான் குதுஸ், மோங்கேயின் தம்பி ஹுலாகுவின் தூதர்களைக் கொன்று தலைகளை ஜுவைலா வாசலில் தொங்கவிட்டார், அதே வருஷம் பாலஸ்தீனத்து ஐன் ஜாலூத்தில் நடந்த போரில் அவரே ஜெயித்தார்.

கவனியுங்கள், இங்கே கொன்றவர்கள் எல்லாரும் வெளி அரசர்கள் அல்லது அவர்களுடைய ஆட்கள். 1252-இல் பாரசீகத்தை நிர்வகித்தவர் அர்குன் ஆகா, கானே நியமித்த ஆள். அவர் எல்ச்சியின் தலையை வெட்டினால் அது கோபம் அல்ல, கலகம். அதைவிட, அவர் வந்தவனுக்கு உபசாரம் செய்து, பரிசு கொடுத்து, உள்ளுக்குள் வியர்த்துக்கொண்டிருப்பதை எழுதுங்கள். எல்ச்சி திரும்பிப் போய் என்ன சொல்வானோ என்பதுதான் பயமே.

ஏனென்றால் வந்தவன் பார்த்துவிட்டுப் போவான். கார்ப்பினி திரும்பும்போது கூயுக்கின் தூதர்களும் உடன்வர விரும்பினார்கள், பாதிரிமார் நைசாகத் தட்டிக்கழித்தார்கள். நம் சண்டை சச்சரவுகளை அவர்கள் பார்த்தால் படையெடுக்கத் துணிவு வரும் என்பது அவர் வெளிப்படையாகச் சொன்ன காரணங்களில் ஒன்று. இந்தக் கண் பாண்டிய நாடு வரைக்கும் வந்திருக்கிறது. சீனத்தை ஆண்ட குப்லாய் கானின் தூதர் யாங் திங்பி 1281-இல் கொல்லம் போகக் கிளம்பி, இலங்கைக்குப் பக்கம் வந்தபோது எதிர்க்காற்று, உணவும் தீர்ந்துவிட, சீனர் 'மாபர்' என்று சொன்ன நம் கடற்கரையில் இறங்கினார். கொல்லத்துக்குத் தரைவழி கேட்டால் அதிகாரிகள் வழியில்லை என்று கைவிரித்தார்கள். பிறகு அவர்களே ஒரு விடிகாலையில் அவர் விடுதிக்கு வந்து, மற்றவர்களை விலக்கிவிட்டு, அரச சகோதரர் ஐந்து பேரும் காயலில் கூடிக் கொல்லத்தோடு போர் செய்யப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சீன அரச வரலாற்றில் இது பதிவாகியிருக்கிறது. ஒரு தூதன் காற்றில் திசை மாறி வந்து இறங்கினாலே இவ்வளவு காதில் விழுகிறது.

இப்படிக் காது கூர்மையாக இருந்தவர்கள் தூதராகவே நின்றுவிடவில்லை. குவாரசமியா ஊர்க்காரரான மஹ்மூத் 1218-இல் செங்கிஸின் தூதராகத் தன் சொந்த சுல்தானிடமே போனார். மங்கோலியரின் பலம் எவ்வளவு என்று சுல்தான் இரவில் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார், எனக்கு உளவு சொல் என்று ஒரு ரத்தினத்தையும் கொடுத்தார். பின்னாளில் மத்திய ஆசியாவையும், பிறகு வட சீனத்தையும் நிர்வகித்த மஹ்மூத் யலவாச் இவர்தான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. யலவாச் என்ற துருக்கிச் சொல்லுக்கு அர்த்தமே தூதன். ஆளுநரான பிறகும் அந்தப் பட்டம் அவரை விடவில்லை.

ஆக, உங்கள் கதையில் வெட்டுக்குத்தை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று கவலைப்பட வேண்டாம். ஏதோ ஒரு யாம் நிலையத்தில், பனி உருகும் காலத்தில், சாயங்கால நேரத்தில் எல்ச்சி வந்து இறங்கட்டும். நிலையத்தில் இருப்பதே பதினாறு குதிரை, அதில் இரண்டு நொண்டி. இவன் இருபது கேட்கிறான். காகிதத்தில் 14 என்றுதான் இருக்கிறது, நிலையக்காரனுக்குப் படிக்கத் தெரியாது, படிக்கத் தெரிந்தவன் எல்ச்சியோடு வந்த மொழிபெயர்ப்பாளன் ஒருவன்தான். தொடரை அங்கேயிருந்து ஆரம்பியுங்கள்.