கொள்ளு ஊறப்போடுகிறவரிடம் கேட்டீர்களா?

கேள்வி: பாகூருக்கு அருகே வசிக்கிறேன். போன வருடம் ஆடி மாதம் அந்தியூர்க் குதிரைச் சந்தையில் ஓர் ஆண் குட்டி வாங்கினேன். இப்போது அதற்கு இரண்டு வயது நெருங்குகிறது. மகளின் பிரசவத்துக்காக நானும் மனைவியும் நவம்பர் 10 முதல் 45 நாள் சிங்கப்பூரில் இருப்போம். குட்டியைக் கடலூரில் குதிரை வைத்திருக்கும் ஒருவரிடம் விடுவதா, பக்கத்து வீட்டு மாட்டுக்காரரிடம் ஒப்படைப்பதா, சம்பளத்துக்கு ஒரு பையனை அமர்த்துவதா? 76 வயதாகும் அப்பா வீட்டில்தான் இருப்பார்; இரவில் கொள்ளு ஊறப்போடுவதை வழக்கம்போல் அவர் பார்த்துக்கொள்வார்.

பதில்: மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். லாயத்தின் கூரை, தீவனச் செலவு, கடலூர்க்காரர் கேட்கும் தொகை என்று எல்லாம் விவரமாக இருக்கின்றன. உங்கள் தந்தைக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி. இந்தப் பயணத்தைப் பற்றி அவரிடம் பேசியதாகவோ, அவர் ஏதேனும் சொன்னதாகவோ கடிதத்தில் எங்கும் இல்லை.

'வழக்கம்போல்' என்கிறீர்கள். அப்படியானால் ஓராண்டுக்கும் மேலாக ஒவ்வோர் இரவும் அவர்தான் கொள்ளை அளந்து, கல் பொறுக்கி, அலசி ஊறப்போடுகிறார். விடிந்ததும் அதை வடித்து, புளித்த வாடை வருகிறதா என்று மோந்து பார்த்துத் தொட்டியில் கொட்டுகிறவரும் அநேகமாக அவர்தான். குட்டி நேற்று எவ்வளவு மிச்சம் வைத்தது, லத்தி குறைந்திருக்கிறதா என்பதெல்லாம் உங்களைவிட அவருக்கே தெரிந்திருக்கும். வளர்ப்பவரை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, யாரிடம் விடலாம் என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். இது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதற்காக எல்லாப் பொறுப்பையும் அவர் தலையில் கட்டிவிட்டு விமானம் ஏறலாம் என்று எண்ணிவிடாதீர்கள். அது இதைவிடப் பெரிய தவறு. இரண்டு வயதுக்குட்பட்ட ஆண் குட்டி விளையாட்டாகவே கடிக்கும், பின்னங்கால்களில் எழுந்து நிற்கும், இடி இடித்தால் கயிற்றோடு இழுத்துக்கொண்டு ஓடும். ஈரத்தரையில் 76 வயதுக்காரர் அதைத் தனியாகப் பிடிக்கக் கூடாது. நீங்கள் புறப்படுவதோ நம் கடற்கரையின் புயல் காலத்தில். தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்ததையும், 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறியதையும் பாகூர்க்காரருக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. மின்சாரம் போன அப்படியோர் இரவில் அந்த வீட்டில் முதியவர் ஒருவரும் மிரண்ட குட்டி ஒன்றும் மட்டும் இருப்பதை நினைத்துப் பாருங்கள். குட்டிக்கு ஆள் தேடிய நீங்கள், அந்த 45 நாளும் தந்தைக்குச் சோறு ஆக்கிப் போடுவது யார், இரவில் துணைக்குப் படுப்பது யார் என்று எழுதவே இல்லை.

கேட்ட மூன்றில் மாட்டுக்காரர் யோசனையைக் கைவிடுங்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் சில மாட்டுத் தீவனங்களிலும் கோழித் தீவனங்களிலும் சேர்க்கும் மோனென்சின் என்ற மருந்து குதிரையின் இதயத் தசையைக் கெடுத்துக் கொன்றுவிடக்கூடியது; பாசத்தோடு அள்ளிப் போடும் மாட்டுத் தீவனமே ஆபத்தாகலாம். கடலூருக்கு அனுப்புவதையும் நான் விரும்பவில்லை. பயணம், புது இடம், புதுத் தீவனம் மூன்றும் ஒன்றாக வந்தால் குட்டியின் வயிறு தாங்காது. தீவனத்தை மாற்றுவதானால் ஏழு முதல் பத்து நாள் வரை சிறிது சிறிதாகவே மாற்ற வேண்டும்.

ஆகவே சம்பளத்துக்கு ஆள் வையுங்கள். ஆனால் பையன் வேண்டாம். குதிரையோடு பழகிய, இரவில் உங்கள் வீட்டிலேயே தங்கக்கூடிய நடுவயது ஆளாகப் பாருங்கள். அவரைத் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் தந்தை உடன் இருக்க வேண்டும். அவருக்குப் பிடிக்காத ஆளை அமர்த்தாதீர்கள். நீங்கள் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே அந்தப் புது ஆள் வேலைக்கு வந்துவிடட்டும். கயிறு பிடிப்பது, லத்தி அள்ளுவது, குளம்பு சுத்தம் செய்வது, தண்ணீர் சுமப்பது எல்லாம் அவர் வேலை. இந்தக் குட்டி நாளொன்றுக்கு 20 லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும். அந்த வாளிகளை உங்கள் தந்தை தூக்கக் கூடாது. கொள்ளு அவர் கையிலேயே இருக்கட்டும், அதை மட்டும் யாரும் பறிக்க வேண்டாம்.

மழைக்கு முன்பே 45 நாளுக்கும் போதுமான உலர்தீவனத்தைத் தரையில் படாமல் பலகைமேல் அடுக்குங்கள். பூசணம் பிடித்த தீவனக் கட்டு எதுவானாலும் அப்படியே தூக்கி எறியச் சொல்லுங்கள். உதறிப் போடுகிற சிக்கனம் குதிரையிடம் செல்லாது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதால், தின்ற கோளாறு உள்ளேயே நின்று வயிற்றுவலியாக மாறும். குட்டி முன்காலால் தரையைப் பறித்தாலோ, திரும்பித் திரும்பி விலாவைப் பார்த்தாலோ, படுத்து உருண்டாலோ, லத்தி போடாமல் இருந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவரை அழைக்க வேண்டும். குரும்பாப்பேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு இப்போதே ஒருமுறை குட்டியைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். டெட்டனஸ் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள். வெள்ளத்துக்குப் பின் தரையில் கிடக்கும் ஆணி குளம்பில் ஏறி டெட்டனஸ் கண்டால், தடுப்பூசி போடாத குதிரை பிழைப்பது அரிது.

மருத்துவச் செலவுக்கான பணத்தை உங்கள் தந்தையின் கையில் கொடுங்கள். மருத்துவரை அழைப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமையும் அவருடையது, சிங்கப்பூருக்குப் போன் செய்து உங்களிடம் கேட்கத் தேவையில்லை என்று வேலைக்காரர் எதிரிலேயே சொல்லுங்கள்.

ஆனால் இதில் எதையும் தொடங்குமுன், இன்று இரவு அவர் கொள்ளுப் பானையோடு உட்காரும்போது நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து கல் பொறுக்குங்கள். போகும் தேதியையும் வரும் தேதியையும் சொல்லி, "உங்களால் முடியுமாப்பா?" என்று கேளுங்கள். முடியாது என்று அவர் சொன்னால் நீங்கள் இருவரும் ஒரே நேரத்தில் போக வேண்டாம். மகளுக்குத் தாய் போதும், நீங்கள் தை பிறந்ததும் போய்ப் பேரக்குழந்தையைப் பாருங்கள்.