எழுதும் தைரியம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஊர் கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். அம்மா வாங்கும் வாரப் பத்திரிகைகளை வைத்துத்தான் தமிழ் படிக்கக் கற்றேன். ஏழெட்டுக் கதைகள் எழுதி வைத்திருக்கிறேன். கோவையில் ஒரு கூட்டத்தில் ஒன்றை வாசித்தபோது, ‘தமிழே சரியில்லையே’ என்றார் ஒருவர். அதன்பிறகு யாருக்கும் எதையும் அனுப்பவில்லை. அப்பா கள் இறக்குகிறவர். விடிவதற்குள் தென்னையில் ஏறி, பாளையை எலும்பால் தட்டி, நுனியை மெல்லிசாகச் சீவி, கலயத்தில் இருப்பதை இடுப்புக் குடுவையில் ஊற்றிக்கொண்டு இறங்குவார். பேச்சே இருக்காது. அவரிடம் கதை எழுதுகிறேன் என்று சொல்லக்கூடக் கூச்சம். தன்னம்பிக்கையை எப்படி வளர்த்துக்கொள்வது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கூச்சம், தயக்கம் என்று நீங்கள் எழுதியதெல்லாம் யாரும் எழுதக்கூடிய வரிகள். அப்பா மரமேறும் இடம் வந்ததும் நடையே மாறிவிட்டது. ‘நுனியை மெல்லிசாகச் சீவி’ என்று எழுதியபோது யாருடைய ஒப்புதலும் உங்களுக்குத் தேவைப்படவில்லை. கூட நின்று பார்த்தவருக்கு வருகிற வரி அது. எழுதுகிறவனுக்கு விஷயம் தெரிந்த தைரியம் போதும். கண்ணாடி முன் நின்று ‘என்னால் முடியும்’ என்று சொல்லும் பயிற்சியெல்லாம் சேல்ஸ் வேலைக்கு உதவலாம்.

இன்னொரு சௌகரியமும் உங்களுக்கு உண்டு. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. எல்லையிலிருக்கும் வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், கள் இறக்குவதைத் தினப்படித் தொழிலாகப் பார்த்து வளர்ந்த இளைஞர்கள் குறைவு. (களவாக இறக்குவது வேறு கதை. அதையும் யாராவது எழுதலாம்.) உங்களுக்கோ அது வீட்டு விஷயம்.

‘தமிழ் சரியில்லை’ என்றவரிடம் எந்த வரி என்று கேட்டீர்களா? ஒற்றுப்பிழை என்றால் உட்கார்ந்து திருத்திவிடலாம். உங்கள் ஊர்ப் பேச்சைச் சொன்னார் என்றால் விட்டுத்தள்ளுங்கள். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கடை வைத்து, வியாபாரம் பார்த்துக்கொண்டே எழுதியவர் ஆ. மாதவன். அந்தத் தெருவையும் அதில் பிழைத்த மனிதர்களையும், மலையாளம் கலந்த அவர்கள் பேச்சோடு தமிழுக்குக் கொண்டுவந்தார். 2015இல் சாகித்திய அகாதெமி விருது வந்தபோது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது.

சரி, இப்போது செய்யவேண்டியது. இருக்கும் கதைகளைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். நாக்கு தடுக்குகிற வரிகளில் பாதி, நீங்கள் ‘நல்ல தமிழ்’ என்று நினைத்துச் சேர்த்தவையாக இருக்கும். அவற்றை எடுத்துவிட்டு ஒரு கதையைப் பத்திரிகைக்கு அனுப்புங்கள். அனுப்பிய கையோடு அடுத்ததைத் தொடங்கிவிடுங்கள். பதில் வர மாதக்கணக்காகும். சில இடங்களிலிருந்து வரவே வராது. ஆசிரியர் மேஜையில் கட்டுக்கட்டாகக் கிடக்கும், படிக்க ஆள் இருக்காது. அதைப் போய் உங்கள் எழுத்தைப் பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம், அப்பாவிடம் கதை எழுதுவதை இப்போதே சொல்லியாக வேண்டும் என்றில்லை. பாளையை ஏன் எலும்பால் தட்டுகிறார், எவ்வளவு தட்டினால் போதும் என்பது அவருக்கு எப்படித் தெரிகிறது, கேளுங்கள். கடிதத்தில் அதை எழுதாமல் விட்டுவிட்டீர்கள்.