கிளிநொச்சியில் பெட்டி அடுக்கும் தங்கச்சிக்கு

கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) நாளாந்தம் சேலையோடு வேலை பார்த்த நீங்கள் ரொறன்ரோ வந்து கந்தோர் (அலுவலக) வேலைதான் தேடப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே சேலை கட்டலாமா, ஹீல்ஸ் கட்டாயமா, பொட்டு வைத்தால் ஏதும் சொல்வார்களா என்பது உங்கள் கேள்வி. நானும் பரந்தன்காரிதான் தங்கச்சி, உங்கள் யோசனை எனக்கு நன்றாக விளங்குகிறது.

ஹீல்ஸ் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். குதி உயர்ந்த சப்பாத்துப் போடச் சொல்லி முதலாளி கட்டாயப்படுத்தக்கூடாது என்று 2017 நவம்பரில் ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் சட்டமே வந்துவிட்டது. கலை நிகழ்ச்சி, விளம்பரத் துறைகளில் நடிப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. அதற்கு முதல் வருடமே மாகாண மனித உரிமைகள் ஆணைக்குழு, பெண்களை மட்டும் குட்டைப் பாவாடையும் இறுக்கமான உடுப்பும் போடச் சொல்வது பாகுபாடு என்று அறிவித்திருந்தது. உணவகங்களில் பரிமாறும் பெண்கள் பட்ட பாடு அப்படி.

பொட்டு, திருநீறு, தாலி எதையும் கழற்றவோ அழிக்கவோ வேண்டாம். சமய அடையாளத்துக்கு இங்கே சட்டப் பாதுகாப்பு உண்டு.

சேலைக்கும் தடை இல்லை. ஆனால் தினமும் கட்டுவது கஷ்டம். பனிக்காலத்தில் தெருவில் உப்புக் கொட்டுவார்கள். அது பனியோடு கரைந்து சேறாகக் கிடக்கும். பஸ்ஸுக்கு நடந்து போய் வந்தால் சேலைக் கரையில் வெள்ளைத் திட்டாகப் படிந்துவிடும். அதனால் இரண்டு கறுப்பு நீளக் காற்சட்டை, நாலைந்து சாதாரண மேற்சட்டை, ஒரு கார்டிகன் போதும். கோடையிலும் கந்தோருக்குள் ஏசி குளிர் நடுக்கும். வெளியே பூட்ஸ், உள்ளே போட ஒரு தட்டைச் சப்பாத்தை மேசைக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

"கனடா போனவுடன் காற்சட்டைக்கு மாறிவிட்டாள்" என்று ஊரில் நாலு பேர் கதைப்பார்கள் என்ற பயமும் உங்கள் எழுத்தில் தெரிகிறது. 2009க்கு முந்திய கிளிநொச்சியில் புலிகளின் காவல்துறைப் பெண் பொலிஸார் நீளக் காற்சட்டையோடு தெருவில் கடமை செய்ததை வன்னிச் சனம் பார்த்துத்தானே இருக்கிறது? இலங்கையில் அரச கந்தோர் விதியும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. 2019இல் ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு பெண் உத்தியோகத்தர் சேலை அல்லது ஒசரிதான் (கண்டிச் சேலை) அணியவேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. எதிர்ப்புக் கிளம்ப மாற்றினார்கள். 2022இல் பொருளாதார நெருக்கடி வந்ததும் கண்ணியமான எளிய உடுப்பே போதும் என்றார்கள். அங்கேயே விதி இப்படி மாறியிருக்க, இங்கே நீங்கள் காற்சட்டையைக் கூச்சத்தோடு போட வேண்டிய அவசியமே இல்லை.

சரி, வேலை கிடைத்ததும் உடை விதி ஏதும் இருந்தால் எழுத்தில் தரச் சொல்லி மின்னஞ்சலில் கேளுங்கள். யாரும் குறை நினைக்க மாட்டார்கள்.

அப்புறம், நல்ல சேலை இரண்டு மூன்று கட்டாயம் வையுங்கள். ஜனவரி இங்கே தமிழ் மரபு மாதம், பொங்கலும் அதற்குள் வரும், அப்போது கந்தோருக்கே கட்டிப் போகலாம். அவற்றுக்கான சட்டைகளை அங்கேயே தைத்துக்கொண்டு வாருங்கள், இங்கே தையல்கூலி கையைக் கடிக்கும்.