முதல் நாள் கிக் மறுபடி ஏன் வருவதில்லை? கேள்வி பதில்

சார், ஆரம்பத்துல ஒரு கட்டிங்லயே ஏறிடும். இப்ப குவார்ட்டர் அடிச்சாலும் சும்மா இருக்கு. சரக்குல கலப்படமா?

சரக்கு அதேதான். மூளைதான் மாறிவிட்டது. மது, மூளையை அமைதிப்படுத்தும் காபா ஏற்பிகளை (ஏற்பி என்றால் நரம்புச் செல்லில் ரசாயனச் செய்தியை வாங்கும் இடம்) தூண்டி, விழிப்பாக வைக்கும் குளுட்டமேட் ஏற்பிகளை அடக்கும். தினமும் இப்படி நடந்தால், மூளை முன்கூட்டியே காபாவைத் தளர்த்தி, குளுட்டமேட்டை முறுக்கி வைத்துக்கொள்ளும். கல்லீரலும் மதுவைச் சற்று வேகமாக எரிக்கப் பழகும், ஆனால் இதன் பங்கு சிறியது.

கணக்கு போட்டுப் பாருங்கள். 180 மில்லியில் 42.8 சதவீதம் என்றால் 77 மில்லி, எடையில் சுமார் 61 கிராம் ஆல்கஹால். கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் கரைக்கும். பழகியவருக்குக் கொஞ்சம் கூடலாம், அவ்வளவே. ஆக, ஒரு குவார்ட்டர் கரைய ஏழெட்டு மணி நேரம் ஆகும். "ஸ்டெடியாத்தான் இருக்கேன்" என்று வண்டி எடுக்கிறவர் ரத்தத்திலும் அது இருக்கும். சட்ட வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம். ஊதச் சொல்லும் மெஷினுக்கு உங்கள் பழக்கமெல்லாம் தெரியாது.

அப்ப நல்லா தாங்குறவங்களுக்கு ஈரலும் தாங்குமா?

தாங்காது. மரத்துப்போவது மூளை மட்டும். கிக்குக்காக அளவைக் கூட்டக் கூட்ட, அத்தனையும் ஈரல் மேல்தான் விழுகிறது.

எங்க மாமா முன்னெல்லாம் ஆஃப் அடிச்சிட்டு நேரா நடந்து வருவார். இப்ப ஒரு கட்டிங்லயே சாஞ்சிடறார். பழக்கம் குறையுதுன்னு எடுத்துக்கலாமா?

வேண்டாம், இது கெட்ட அறிகுறி. பல வருடம் குடித்தவருக்குத் தாங்கும் சக்தி திடீரென இறங்கினால், கல்லீரல் மதுவை உடைக்க முடியாமல் திணறுகிறதோ என்று முதலில் பார்க்க வேண்டும். கண்ணில் மஞ்சள், வயிறு உப்பல், கால் வீக்கம் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டாலும் இந்த வாரமே எல்எஃப்டி எனும் கல்லீரல் செயல்பாட்டு ரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் எடுத்துவிடுங்கள்.

தினமும் ஆஃப் அடிக்கிறேன். நாளையிலருந்து ஒரேயடியா நிறுத்திடலாமா?

நிறுத்துங்கள், ஆனால் தனியாக வேண்டாம். மது போனதும் முறுக்கி வைத்த குளுட்டமேட் தறிகெட்டு ஓடும். ஆறு மணி நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை ஆளே புரியாத பிதற்றல், இல்லாத பூச்சி ஊர்வது போன்ற தோற்றம் வரலாம். இது உயிரைக் குடிக்கும். மருத்துவமனையில் டயஸெபாம் வகை மாத்திரை கொடுத்துப் படிப்படியாக இறக்குவார்கள். தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் போடுவார்கள். குளுக்கோஸ் ஏற்றினால் தயமின் போட்டாச்சா என்று கேட்டுவிடுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற போதை மீட்பு உதவி இலவச எண்ணில் கேளுங்கள்.

காலைல முதல் தம்முக்கு மட்டும் ஒரு சுகம். அப்புறம் எத்தனை இழுத்தாலும் ஒண்ணுமில்லையே?

ரத்தத்தில் நிகோட்டின் பாதியாகச் சுமார் 2 மணி நேரம் ஆகும். அடுத்தடுத்து இழுத்தால் ஏற்பிகள் மரத்துப்போகும். தூங்கும்போது அவை மீண்டும் தயாராகும். மற்ற தம்மெல்லாம் எரிச்சலை அடக்கத்தான்.

தம்பி டேபென்டடால் மாத்திரைக்கு அடிமையாகி, ஒரு மாசம் மறுவாழ்வு மையத்துல இருந்துட்டு வந்திருக்கான். இனி பயமில்லையே?

பயப்பட வேண்டிய நேரமே இதுதான். டேபென்டடால் போன்ற ஓபியாய்டு (அபின் போல வேலை செய்யும் வலிநிவாரணி) மருந்தை நிறுத்திய சில வாரங்களில் பழகிய உடல் புதிய உடலாகிவிடும். நினைவில் இருப்பது பழைய அளவு. அதை எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம், மதுவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். தொடர்ந்து எடுப்பவருக்கும் கிக் சீக்கிரம் குறையும், மூச்சை அடக்கும் விளைவு அதே வேகத்தில் குறையாது.

இடம் மாறினாலும் ஆபத்து. 1982-ல் உளவியல் ஆய்வாளர் ஷெப்பர்ட் சீகல் குழு எலிகளில் இதைக் காட்டியது. ஹெராயினுக்குப் பழகிய எலிகளுக்கு ஒரே பெரிய அளவைப் பழகிய இடத்தில் கொடுத்தபோது சுமார் 32 சதவீதமும், புது இடத்தில் கொடுத்தபோது சுமார் 64 சதவீதமும் செத்தன. பழகிய சூழலைக் கண்டதுமே உடல் எதிர்ப்புக்குத் தயாராகிவிடுகிறது. புது இடத்தில் அந்தத் தயாரிப்பு இல்லை.

வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது: கண்மணி ஊசிமுனை போல் சுருங்கி, உதடு நீலமாகி, கொரகொரவென்று மூச்சு இழுத்தால் தூங்கட்டும் என்று விடாதீர்கள். 108-ஐ அழைத்து, மாத்திரை எடுத்ததை மறைக்காமல் சொல்லுங்கள். அப்போதுதான் ஓபியாய்டின் விளைவை முறிக்கும் நலோக்ஸோன் ஊசி நேரத்துக்குக் கிடைக்கும். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நின்றுவிட்டால் வாயோடு வாய் வைத்து ஐந்து விநாடிக்கு ஒருமுறை ஊதுங்கள்.