டெஸ்டோஸ்டிரோன் ஊசியும் விந்தணுவும் – கடிதம்

வணக்கம் ஐயா,

எனக்கு வயது 33. திருமணமாகி இரண்டு ஆண்டுகளாகியும் குழந்தை இல்லை. ஒருநாள் மாலை, வேலை முடிந்து போய்க் கொடுத்த இரத்தப் பரிசோதனையில் டெஸ்டோஸ்டிரோன் 280 என்று குறைவாக வந்தது. உடற்பயிற்சிக் கூடத்தில் பழக்கமான நண்பர், டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டால் உடம்பும் தேறும், விந்தணுவும் பெருகும் என்கிறார். அவரே ஓராண்டாகப் போட்டுக்கொள்கிறார். ஆணுக்குரிய ஹார்மோனைக் கூட்டினால் விந்தணு கூடத்தானே வேண்டும்?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளாதீர்கள். குழந்தைக்காகக் காத்திருக்கும் ஆண் தன் உடலுக்குச் செய்யக்கூடிய பெரிய கெடுதல்களில் அது ஒன்று. உங்கள் கேள்வி நியாயமானதுதான். ஆனால் உடல் அப்படிக் கணக்குப் போடுவதில்லை.

விரைகள் மேலிருந்து வரும் ஏவலுக்குக் காத்திருப்பவை. மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ், ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோனைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. அது மூளைக்குக் கீழே உள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்கள் இரத்தத்தில் கலக்கின்றன. எல்.எச். பட்டதும் விரையின் லேடிக் செல்கள் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கின்றன. எஃப்.எஸ்.எச்., விந்தணுக்களை ஊட்டி வளர்க்கும் செர்டோலி செல்களிடம் போகிறது.

அந்த விட்டுவிட்டு வரும் தாளம்தான் இதில் என்னை எப்போதும் வியக்கவைப்பது. எர்ன்ஸ்ட் நோபில் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1978இல் ரீசஸ் குரங்குகளில் இதைக் காட்டினார்கள். ஜி.என்.ஆர்.எச்.ஐ இடைவிடாமல் செலுத்தியபோது எல்.எச்.சும் எஃப்.எஸ்.எச்.சும் சரிந்தன, மணிக்கு ஒருமுறை செலுத்தியபோது மீண்டும் ஏறின. அதே மருந்துதான், கொடுத்த விதம்தான் வேறு.

இனி உங்கள் ஊசிக்கு வருகிறேன். இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் போதிய அளவு இருந்தால் ஹைப்போதலாமஸும் பிட்யூட்டரியும் அதை உணர்ந்து ஏவலைக் குறைத்துக்கொள்ளும். டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதி எஸ்ட்ரடயால் என்ற பெண் ஹார்மோனாக மாறி அதே வேலையைச் செய்கிறது. செர்டோலி செல்கள் தம் பங்குக்கு இன்ஹிபின் பி என்ற ஹார்மோனைச் சுரந்து எஃப்.எஸ்.எச்.ஐ அடக்குகின்றன. ஊசியில் வந்ததா, விரையில் சுரந்ததா என்று மூளைக்குப் பிரித்தறியத் தெரியாது. ஏவல் நின்றுவிடும், விரை சுரப்பதை விட்டுவிடும். விந்தணு உருவாக, விரைக்குள்ளே இரத்தத்தில் இருப்பதைப் போலப் பல பத்து மடங்கு டெஸ்டோஸ்டிரோன் தேவை. அந்த அளவை ஊசியால் எட்ட முடியாது. இரத்த அறிக்கையில் எண் கம்பீரமாக நிற்க, விரைக்குள் வறட்சி. நாளடைவில் விரையே சுருங்கும்.

இதை ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே சோதித்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில் 271 ஆண்களுக்கு வாரந்தோறும் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் எனந்தேட் ஊசி போடப்பட்டது. 157 பேருக்கு விந்தில் ஒரு விந்தணுவும் இல்லாமல் போனது. முடிவுகள் 1990இல் வெளியாயின. குழந்தை வேண்டாம் என்பவர்களுக்குச் சோதித்துப் பார்த்த மருந்தைத்தான் உங்கள் நண்பர் உங்களுக்குச் சிபாரிசு செய்கிறார்.

உங்கள் 280-ஐ வைத்து இப்போதே முடிவு கட்ட வேண்டாம். டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருக்கும், மாலைக்குள் இறங்கிவிடும். இரண்டு வெவ்வேறு நாள்களில், காலை பத்து மணிக்குள், வெறும் வயிற்றில் பாருங்கள். கூடவே எல்.எச்., எஃப்.எஸ்.எச்., புரோலாக்டின் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். டெஸ்டோஸ்டிரோன் குறைந்து எல்.எச்., எஃப்.எஸ்.எச். ஏறியிருந்தால் கோளாறு விரையில். அவையும் சேர்ந்து இறங்கியிருந்தால் மேலே, ஹைப்போதலாமஸ் அல்லது பிட்யூட்டரியில். மேலே என்றால் நல்ல வழி உண்டு: எல்.எச். செய்யும் வேலையைச் செய்யும் எச்.சி.ஜி. ஊசியும், தேவைப்பட்டால் எஃப்.எஸ்.எச். ஊசியும் கொடுத்து விரையையே வேலை செய்ய வைக்கலாம். விந்துப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள், உங்கள் மனைவிக்கான பரிசோதனைகளும் கூடவே நடக்கட்டும். ஒரு விந்தணு உருவாக இரண்டு மாதங்களுக்கு மேல் ஆகும் என்பதால், எந்தச் சிகிச்சையானாலும் பலன் தெரியக் குறைந்தது மூன்று மாதம் பொறுக்க வேண்டும்.

உங்கள் நண்பரிடமும் இதைச் சொல்லுங்கள். ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு விந்தணு திரும்பி வரும். ஆனால் மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஓராண்டையும் தாண்டும். அவருக்கும் குழந்தை ஆசை இருந்தால் இந்த மாதமே ஒரு நாளமில்லாச் சுரப்பி மருத்துவரையோ ஆண்மையியல் மருத்துவரையோ பார்க்கட்டும். போட்டுக்கொண்ட மருந்தின் பெயரையும் அளவையும் ஒளிக்காமல் சொல்லட்டும்.